ஜூடித் சொன்னால் சரி

ஜூடித்துக்குச் சோறு போட்டது சீன மொழி. பள்ளி முடித்த கையோடு யாங்கோனில் சீனர்கள் நிறைந்த லத்தாவில் ஓர் உலர்மீன் மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி வீட்டார் தங்களுக்குள் பேசிய ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். அப்புறம் மாலை வகுப்பில் மாண்டரின். உதவித்தொகை கிடைத்துச் சீனாவின் குன்மிங் நகரில் சில காலம் படித்தாள். திரும்பி வந்தபோது, யாங்கோனில் தமிழும் பர்மியமும் சீனமும் சேர்ந்து தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான் என்று அவள் பிறந்த தாகேதாவில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ, சீனக் கம்பெனிகள் அவளைத் தேடி வரத் தொடங்கின.

குன்மிங் விடுதியில் அவளுக்கு அடுத்த அறையில் இருந்தவள் லின் யூமெய். லின் அங்கே பர்மியம் படித்துக்கொண்டிருந்தாள். இவள் அவளுக்குப் பர்மியம் திருத்துவாள், அவள் இவளுக்குச் சீனம் திருத்துவாள். குளிர்காலத்தில் இருவரும் ஒரே ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். பிறகு லின்னுக்கு யாங்கோனிலேயே வேலை கிடைத்தது. ஒரு சீனத் துறைமுகக் கட்டுமானக் கம்பெனியில் பொதுமக்கள் தொடர்பு அதிகாரி. ஜூடித்தின் அப்பா இறந்தபோது கறுப்பு உடையில் வந்து, கல்லறைவரை நடந்து, குழியில் மண் போட்டாள். ஜூடித் அதை மறக்கவே இல்லை.

அந்த லின்தான் ஒருநாள் டவுனில் லான்மடாவ் பகுதியில் இருந்த ஜூடித்தின் வீட்டுக்கு வந்து, புதிய வேலை ஒன்று இருக்கிறது என்றாள்.

"உன் ஊர்தான். தாகேதா ஓடைக்கரை. படகுத்துறை கட்டப்போகிறோம். மக்களோடு ஒரு கூட்டம் வைக்க வேண்டும். நீ வந்தால் நல்லது."

"உனக்கே பர்மியம் தெரியுமே?"

"பெரிய கூட்டத்தில் எனக்கு வாய் குழறும். அதுவும் அங்கே பாதிப்பேர் உங்கள் தமிழர்கள்."

ஜூடித் பிறந்து வளர்ந்த வார்டு அது. பாசுந்தவுங் ஓடையை ஒட்டி, துறைமுகத்திலும் ரயில்வேயிலும் முனிசிபாலிட்டியிலும் வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் குடியிருந்த தகரக்கூரை வீடுகள். பர்மியக் குடும்பங்களும் கலந்திருந்தன. அப்பா போனபின் தங்கள் வீட்டை விற்றுவிட்டு அவள் டவுனுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் அங்கே ஒரு நடை போகாமல் இருக்க மாட்டாள்.

கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஏற்பாடு தனசேகரன். அவர் கோயில் தர்மகர்த்தா, வார்டுக் கமிட்டியிலும் பெரிய ஆள், மணலும் ஜல்லியும் விற்பவர். எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் அவர் முன்னால் நிற்பார். ஜூடித்தை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் வயதானவர்களும். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் சட்டம் வந்த பிறகு வார்டில் இளவட்டங்கள் குறைந்துபோயிருந்தார்கள். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனவர்கள் பலர்.

கம்பெனி மேலாளர் சென், வெள்ளைச் சட்டை போட்டு மரியாதையாகப் பேசினார். ஓடைக்கரையில் இருக்கும் காலி நிலமும் பழைய கொட்டகைகளும் மட்டுமே வேண்டும் என்றார். ஒரு வீட்டையும் தொட மாட்டோம். வேலை முதலில் இந்த வார்டுக்காரர்களுக்குத்தான். கம்பெனியின் ஜெனரேட்டரிலிருந்து வார்டுக்கு மின்சார லைன் இழுத்துக் கொடுப்போம். ஜூடித் ஒவ்வொன்றையும் முதலில் பர்மியத்திலும் பிறகு தமிழிலும் சொன்னாள். மின்சாரம் என்றபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் புழுங்கிக்கொண்டிருந்த ஜனங்கள்.

முன்வரிசையில் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். படகுத்துறைப் பக்கம் பயாஜோ சுட்டு விற்பவள். பருப்பு வடை மாதிரிதான், கொஞ்சம் மொறுமொறுப்பாக இருக்கும். இரண்டு மகன்களும் பாங்காக் பக்கம் மீன் கம்பெனியில் இருந்தார்கள். சின்ன வயதில் ஜூடித்தின் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, இவளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள்.

அவள் எழுந்தாள்.

"ஏ ஜூடி, அந்த ஆளு சொல்றது நெசமா?"

"அப்படித்தான் சொல்றாரு அத்தை."

"அவரு சொல்றாரு, சரி. நீ என்ன சொல்றே?"

மொழிபெயர்ப்பவள் இப்படியொரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. ஜூடித்துக்கு அது தெரியும். அவள் லின்னைத் திரும்பிப் பார்த்தாள். லின் லேசாகத் தலையசைத்துச் சிரித்தாள். குன்மிங்கில் நூடுல்ஸ் கிண்ணத்துக்கு மேல் பார்த்த அதே சிரிப்பு.

"நம்பலாம் அத்தை," என்றாள் ஜூடித்.

"அப்ப சரி. ஜூடித் சொன்னா சரிதான்," என்று பவுனம்மாள் கையைத் தூக்கினாள். அவள் பின்னால் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கம்பெனி ஆட்கள் வீடியோ எடுத்தார்கள். தனசேகரன் எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து, சீனாவிலிருந்து புதிதாக வந்த ஓர் இஞ்சினியருக்கு லத்தாவில் மதிய விருந்து வைத்தார்கள். ஜூடித்தும் போயிருந்தாள். இஞ்சினியர் இளைஞர், கலகலப்பானவர். மீனை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டே அவளிடம் கேட்டார்:

"நீங்கள் அந்த வார்டுக்காரராமே? வீடுகள் எப்போது காலியாகும்? மழைக்கு முன்னால் நாங்கள் மண் நிரப்பியாக வேண்டும்."

"வீடுகளா? கரை நிலம் மட்டும்தானே உங்களுக்கு?"

"கரையில் படகுத்துறை. கிடங்குகளை எங்கே கட்டுவது, தண்ணீரிலா?" அவர் சிரித்தார். "வீடுகள் உள்பட மொத்த இடமும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் போன வருஷமே கையெழுத்துப் போட்டாயிற்றே."

போன வருஷம் என்றால் கோயில் மண்டபக் கூட்டத்துக்கு முன்னால். ஜூடித் கையில் இருந்த சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். எதிரில் லின் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். ஜூடித் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டாள். இருவரும் வெளியே வந்தார்கள். நடைபாதையில் டுரியான் விற்பவர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பையன் சொல்வது உண்மையா?"

லின் அவள் முகத்தைப் பார்த்தாள். லின்னின் முகத்தில் முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆச்சரியம்.

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தனசேகரன் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நீ எல்லாம் தெரிந்துதான் பேசினாய் என்று நினைத்தேன், ஜூடித். அன்றைக்கு நீ எவ்வளவு நன்றாகச் சமாளித்தாய் என்று சென்கூடச் சொன்னார்."

ஏமாற்றியதைக்கூட ஜூடித் பொறுத்துக்கொள்வாள். தானும் அந்த ஏமாற்றில் கூட்டு என்று இத்தனை நாளும் லின் நினைத்திருக்கிறாள், அப்படி நினைத்துக்கொண்டே தன் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"உன் பர்மியம் நல்ல பர்மியம்," என்றாள். "நீயே பேசியிருக்கலாம். என்னை ஏன் கூப்பிட்டாய்?"

லின் சொன்னாள்: "தனசேகரன்தான் கேட்டார். நான் பேசினால் கம்பெனி பேசுகிற மாதிரி இருக்கும், ஜூடித் வாயால் வந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்றார். அது தப்பான யோசனையாக எனக்குத் தெரியவில்லை. சண்டை இல்லாமல் முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே? மாற்று இடம் கொடுக்கிறார்கள்."

"யார் கொடுக்கிறார்கள்?"

"உங்கள் அரசாங்கம். எங்களிடம் காலி நிலமாகக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. எப்படிக் காலி செய்கிறார்கள் என்பதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை."

உள்ளேயிருந்து சென் கூப்பிட்டார். லின் போனாள். ஜூடித் தன் கைப்பையை எடுக்கக்கூட உள்ளே போகாமல் டாக்சி பிடித்தாள். தாகேதாவில் தனசேகரன் கடை முன்னால் இறங்கிய பிறகுதான் கையில் காசு இல்லை என்று தெரிந்தது. தனசேகரனின் கடைப் பையன்தான் வெளியே வந்து டாக்சிக்காரருக்குப் பணம் கொடுத்தனுப்பினான்.

தனசேகரன் மறுக்கவில்லை. நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"ஆத்திரப்படாதே தங்கச்சி. நான் சொல்றத கேளு. அவங்க கேட்டா எடுக்கப்போறாங்க? கையெழுத்து போட்டது பெரிய எடத்துல. நாம வேண்டாம்னா பட்டாளத்து லாரி வரும். லாரியோட வந்தா என்ன நடக்கும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லாரி இல்லாம வரட்டும்னு பாத்தேன்."

"அதுக்கு என்கிட்ட உண்மைய சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ பேசியிருப்பியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அதான்," என்றார் அவர்.

"மண்ணு நிரப்புற வேலை யாருக்கு?"

தனசேகரன் வாசலில் குவிந்திருந்த மணலைப் பார்த்தார். "யாராவது செய்யத்தானே போறான். வெளியாளு செஞ்சா மட்டும் நல்லதா?"

அன்று மாலையே அவள் பவுனம்மாள் வீட்டுக்குப் போனாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து கூடினார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. இஞ்சினியர் சொன்னது, லின் சொன்னது, தனசேகரன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது யாரும் கத்தவில்லை. பக்கத்து வீட்டு சத்யபாமா மட்டும் கேட்டாள்: "உன் வீட்டத்தான் முன்னாடியே வித்துட்டியே. உனக்கு முன்னாடியே தெரியாதுன்னு நாங்க எப்படி நம்புறது?"

பவுனம்மாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வெளியே வரவில்லை.

வார்டுக்காரர்கள் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனார்கள். நீங்களே கையைத் தூக்கிச் சம்மதித்த வீடியோ இருக்கிறதே என்று அங்கே திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனபோது வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் அவர்களை உள்ளே விடவில்லை.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் லின் போன் செய்தாள். ஜூடித் பலமுறை எடுக்காமல் விட்டு, கடைசியில் எடுத்தாள்.

"சீனாவிலிருந்து ஒரு நட்புறவுச் சங்கத் தூதுக்குழு வருகிறது. பெரிய மனிதர்கள். வார்டுக்கு வந்து மக்களைச் சந்திக்க விரும்புகிறார்கள். தமிழும் சீனமும் தெரிந்தவர் வேண்டும். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். ஆனால் நீ தொழிலில் சுத்தமானவள். அதனால்தான் கேட்கிறேன்."

மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தவள், நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். நேரே பவுனம்மாளிடம் போனாள். பவுனம்மாள் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் கேட்டாள்.

"தனசேகரன் என்னத்தான் பூச்செண்டு குடுக்கச் சொல்லியிருக்கான்," என்றாள் பவுனம்மாள். "வயசானவ, பாக்க லட்சணமா இருக்கும்னு. நான் பேசினா நீ அப்படியே சொல்லுவியா?"

"ஒரு சொல்லு விடாம சொல்றேன் அத்தை."

"உன் பொழப்பு போயிரும்."

"போகட்டும்."

தூதுக்குழு வந்த நாளன்று ஓடைக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். இரு நாட்டுக் கொடிகளும் காற்றில் ஒட்டிக்கொண்டு பறந்தன. குழுத் தலைவர் நரைத்த தலை, சாந்தமான முகம். பேச்சில் சகோதர நாடு என்ற சொல் அடிக்கடி வந்தது. தனசேகரன் கரை வேட்டி கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். டவுன்ஷிப் அதிகாரி ஜூடித்துக்கு அருகிலேயே நின்றுகொண்டார்.

பவுனம்மாள் பூச்செண்டைக் கொடுத்தாள். தலைவர் இரண்டு கையாலும் வாங்கினார். கேமராக்கள் நெருங்கின.

"அம்மா நலமாக இருக்கிறார்களா என்று கேளுங்கள்," என்றார் தலைவர்.

ஜூடித் கேட்டாள்.

"ஐயாகிட்ட சொல்லு," என்றாள் பவுனம்மாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்ட தொட மாட்டோம்னு சொல்லித்தான் கை தூக்கச் சொன்னாங்க. இப்ப மழைக்கு முன்னாடி காலி பண்ணுன்றாங்க. எங்க போறதுன்னு யாரும் சொல்லலை. எம்பிள்ளைங்க திரும்பி வந்தா தேடி வர்றதுக்கு ஒரு எடம் வேணும். உங்க ஆளுங்க குடுத்த வாக்கு. நீங்க பெரியவங்க. காப்பாத்திக் குடுங்க."

அதிகாரி பக்கத்தில் குனிந்து பர்மியத்தில் சொன்னார்: "நன்றி சொல்கிறாள் என்று சொல். சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்."

ஜூடித் சீனத்தில் பவுனம்மாள் சொன்னதைச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'உங்க ஆளுங்க' என்ற இடத்தில் சென் நின்ற பக்கம் கையைக் காட்டினாள். சென்னின் முகம் வெளுத்தது. லின் தரையைப் பார்த்தாள். அதிகாரிக்குச் சீனம் தெரியாது. ஆனால் மேலாளரின் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

தலைவர் முழுவதும் கேட்டார். இடையில் நிறுத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான், இவருக்கும் முன்பே தெரியும் என்று ஜூடித்துக்குப் புரிந்தது. இவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று அதுவரை அவள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மாவின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இது உங்கள் அரசுக்கும் உங்கள் மக்களுக்கும் இடையிலான விஷயம். பிற நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது எங்கள் கொள்கை. அதை நாங்கள் எப்போதும் மதித்து வந்திருக்கிறோம். அம்மாவுக்கு நீண்ட ஆயுள் வாழ்த்துகள்."

"என்ன சொல்றாரு?" என்றாள் பவுனம்மாள்.

ஒரு சொல் விடாமல் சொல்வதாக அவள் கொடுத்த வாக்கு இரண்டு பக்கத்துக்கும்தான். ஜூடித் தமிழில் சொன்னாள்: "உங்க கஷ்டம் புரியுதாம் அத்தை. ஆனா இது நம்ம அரசாங்கத்து விஷயமாம். அடுத்த நாட்டு விவகாரத்துல அவங்க தலையிட மாட்டாங்களாம். நீண்ட ஆயுளோட இருக்கச் சொல்றாரு."

பவுனம்மாள் தலைவரை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் ஓடையில் மண்வாரி எந்திரங்களோடு இரண்டு பெரிய படகுகள் கட்டிக் கிடந்தன.

"தலைய விட மாட்டாங்களாக்கும்," என்றாள். "காலை வச்சாச்சே."

அதைச் சீனத்தில் அந்த அழகோடு சொல்ல முடியாது. ஜூடித் முடிந்தவரை சொன்னாள். தலைவர் புன்னகையோடு அடுத்த ஆளிடம் கைநீட்டினார். அடுத்த ஆள் தனசேகரன். பூச்செண்டோடு எடுத்த படம் மறுநாள் செய்தியில் வந்தது, இரு நாட்டு மக்களின் பாசம் என்ற தலைப்போடு.

அன்று மாலை லின் ஒரு செய்தி அனுப்பினாள். 'நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய். உனக்காக நான் உறுதி கொடுத்திருந்தேன்.' ஜூடித் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். லின் எழுதியது பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. ஜூடித் பதில் எழுதவில்லை. லின்னின் பெயரை அழிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் ஜூடித்தைக் கூப்பிடவில்லை. லான்மடாவ் வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அவள் சீனா போய் வந்ததைப் பற்றி நீண்ட நேரம் கேட்டார்கள். வீட்டுக்காரர் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உலர்மீன் கடைப் பழைய முதலாளியின் மகள் மட்டும் கூப்பிட்டுக் கல்லாவில் உட்கார வைத்தாள்.

வீடுகள் போயின. பட்டாளத்து லாரி வரவில்லை; தனசேகரன் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மையாயிற்று. தகரங்களை அவரவரே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். மாற்று இடம் என்று காட்டியது நகரத்துக்கு வெளியே, வயலை மேடாக்கிக் கட்டிய ஒற்றை அறைக் கொட்டகைகள். சத்யபாமா குடும்பம் அங்கே போக மறுத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டது. பவுனம்மாளுக்குப் போக வேறு இடம் இல்லை.

சாமான் ஏற்றிய அன்று ஜூடித் போனாள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளாகவே பாத்திர மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தாள். பவுனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி கிளம்பும்போது நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

லாரி பாலத்தைத் தாண்டியது. மழை தூறிக்கொண்டிருந்தது.

"நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் பவுனம்மாள். "சத்யபாமா சொல்றத நான் நம்பலை."

ஜூடித்துக்குக் கண் நிறைந்தது.

"ஆனா அது போதலையேடி. உன்ன நம்பித்தானே கை தூக்கினேன். அவனுங்கள எனக்கு யாருன்னு தெரியும்?"

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும், போ."

கொட்டகை வரிசை முன்னால் லாரி நின்றபோது, அந்த வார்டு எழுத்தர் குடையோடு வந்தார். இன்ன அறை இன்னாருக்கு என்று சத்தமாகப் படித்து, பவுனம்மாளுக்குக் கடைசி வரிசையில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஓர் அறையைக் காட்டினார். இந்த அறை ஆகாது, கிழவி வழுக்கி விழுவாள் என்று சொல்ல ஜூடித் லாரியிலிருந்து குதித்து, "ஐயா…" என்று பர்மியத்தில் ஆரம்பித்தாள்.

பவுனம்மாள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கடுமையாக இல்லை.

"நீ இரு. நான் பேசிக்கிறேன்."

கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி எழுத்தரை நோக்கி நடந்தாள். ஜூடித் அடுப்பை மழையில் நனையாமல் லாரியின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அங்கே அவர்கள் பேசுவதைப் பார்த்தபடி நின்றாள்.